டானிக் பாட்டிலைக் கீழே வையுங்கள்

இந்த வாரத்தில் என்னிடம் வந்த ஐந்தாவது ஞாபகசக்தி டானிக் பாட்டில் இது. மேசைமேல் வைத்துவிட்டு, "இதைக் குடிச்சும் இவளுக்குப் புத்தி ஓரிடத்துல நிக்கல டாக்டரம்மா" என்றார் கணவர். மனைவி விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். முற்றிய காயோடு பிஞ்சையும் பறித்துவிடுகிறாராம். கங்காணியிடம் தினமும் ஏச்சு. (அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன்.)

கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை அடித்த சுவர்.

"பச்சரிசி மெல்லுவீங்களா?"

முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். முடிந்து வைத்துத் தோட்டத்துக்கே கொண்டுபோகிறாராம். ஹீமோகுளோபின் 7.4. இருக்கவேண்டியது 12. இரத்தசோகை. பச்சரிசி ஆசையும், ஓரிடத்தில் நிற்காத மனமும் அதனால்தான்.

மனம் அலைவதே நோயல்ல. 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரைக் கேட்டதில், ஏறக்குறையப் பாதி நேரம் மனம் செய்யும் வேலையில் இல்லை. நேற்றுவரை நின்ற மனம் இன்று நிற்காவிட்டால்தான் காரணம் தேடவேண்டும்.

கடையில் தேடாதீர்கள். மூளைப் படம் போட்டிருந்தாலும், வல்லாரை இலை போட்டிருந்தாலும், குமுளியில் வாங்கி மலையாளத்தில் எழுதியிருந்தாலும் கவனம் பாட்டிலில் வராது. மறதி வேறு, கவனக்குறைவு வேறு. சாவியை வைக்கும்போதே மனம் அங்கே இல்லையென்றால், மூளை எதைப் பதிந்து வைக்கும்? பதியாததை எந்த டானிக் எடுத்துத் தரும்? "வேலையில அக்கறை இல்ல" என்று திட்டுவதும் இதே ரகம்தான்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும். முதலில் இரத்தப் பரிசோதனை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பரிசோதிக்காமல் நீங்களாக வாங்கியும் போடாதீர்கள்.

ஜீப் ஓட்டும் தம்பிகளே, 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், நம் சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டிக் குடித்தவரின் கவனத்துக்குச் சமம். மூன்றரை மணிக்கு எழுந்தவர் இரவு எட்டரைக்கு மேல் மலைப்பாதையில் வண்டி எடுக்கலாமா? தூங்கப் போங்கப்பா, போனையும் அடுத்த அறையில் வைத்துவிட்டு.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். 10.6. பிஞ்சு பறிப்பதில்லையாம், அரிசியும் மெல்லுவதில்லையாம். கிளம்பும்போது கணவர் தயங்கி நின்றார்.

"டானிக் பாதி மிச்சமிருக்கு. பத்தாவது படிக்கிற பையனுக்குக் குடுக்கலாமா?"