கணக்கு சரி, ஆனால் நிதி போதுமா?

பரஸ்பர உதவிச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழிலில் ஒரு பகுதி. உறுப்பினர்கள் மாதாமாதம் சந்தா கட்டுவார்கள். நோயில் படுத்தால் வாரத்துக்கு இவ்வளவு, இறந்தால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று சங்கம் கொடுக்கும். தணிக்கைக்குப் போனால் பொருளாளர் முதலில் எடுத்துக் காட்டுவது வங்கி இருப்பை. நான் முதலில் கேட்பது உறுப்பினர் பதிவேட்டை. பெயர், முகவரி, சேர்ந்த தேதி, சந்தா பாக்கி எல்லாம் அதில் இருக்கும். பிறந்த தேதி மட்டும் பெரும்பாலும் இருக்காது.

அது இல்லாமல் ஒரு சங்கத்தின் நிதிநிலையைச் சொல்லவே முடியாது. ஏன் என்று விளக்க ஒரு பழைய கதை இருக்கிறது.

1868இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மீட்வில் என்ற ஊரில் ஜான் ஜோர்டன் அப்சர்ச் என்பவர் ‘ஏன்ஷியன்ட் ஆர்டர் ஆஃப் யுனைடெட் வொர்க்மென்’ என்ற தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். ஓர் உறுப்பினர் இறந்தால் மற்ற எல்லோரும் தலைக்கு ஒரு டாலர் போட வேண்டும். சேர்ந்த தொகை குடும்பத்துக்குப் போகும். இளைஞருக்கும் ஒரு டாலர், முதியவருக்கும் ஒரு டாலர். இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா என்று தோன்றும். மற்ற பல சங்கங்களும் இதே வழியில் போயின.

அதே ஆண்டில் வெளியான ‘அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்’ இறப்பு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 30 வயதில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 8 பேர் இறப்பார்கள். 50 வயதில் சுமார் 14 பேர், 60இல் 27 பேர், 70இல் 62 பேர். ஆக, 30 வயதுக்காரர்கள் ஆயிரம் பேர் சேர்ந்து தொடங்கும் சங்கத்தில் ஒருவருக்கு ஆண்டுச் செலவு 8 டாலரோடு முடிந்துவிடும். குடும்பத்துக்கு அதே தொகை போக வேண்டுமென்றால், அவர்களே 60ஐத் தொடும்போது அது 27 டாலர் ஆகிவிடும். கையில் வருமானம் நின்றுபோன 70 வயதில் 62 டாலர்!

புதிதாக இளைஞர்கள் வந்துகொண்டே இருந்தால் சமாளிக்கலாமே என்று நிர்வாகிகள் சொல்வார்கள். இளைஞர் ஏன் வர வேண்டும்? பக்கத்திலேயே புதிதாகத் தொடங்கிய சங்கம் ஒன்றில் எல்லோரும் இளைஞர்கள்; அங்கே செலவு குறைவு. அவர் அங்கேதான் போவார். இங்கே இருப்பவர்களிலும் உடல்நலத்தோடு இருப்பவர்கள்தான் முதலில் விலகுவார்கள், நோயாளிகள் விலக மாட்டார்கள். அப்புறம் மிச்சமிருப்பவர்கள் மேல் பாரம் இன்னும் ஏறும். சமமான சந்தாதான் சகோதரத்துவம் என்று நினைத்த சங்கங்களில், கடைசியில் கைவிடப்பட்டவர்கள் மிக நீண்ட காலம் சந்தா கட்டிய முதியவர்கள்தான். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது.

பிரிட்டனில் இந்தச் சங்கங்களுக்கான முதல் சட்டம் 1793இலேயே வந்துவிட்டது. ஆனாலும் வயதுக்கு ஏற்பச் சந்தா வேண்டும் என்பது நிலைபெற வெகுகாலம் ஆனது. ‘மான்செஸ்டர் யூனிட்டி’ என்ற பெரிய பரஸ்பர உதவிச் சங்கத்தின் செயலாளர் ஹென்றி ராட்கிளிஃப், தன் சங்கத்துப் பதிவேடுகளையே வைத்து 1850இல் நோய், இறப்பு அட்டவணைகளை வெளியிட்டார். வயது ஏற ஏற நோயில் படுக்கும் வாரங்களும் எப்படி ஏறுகின்றன என்பது அதில் தெரிந்தது. 1875ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெற்ற சங்கங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதி மதிப்பீடு செய்ய வேண்டும் என்றது.

தணிக்கையும் மதிப்பீடும் ஒன்றல்ல. வந்த பணம் வந்தபடி எழுதப்பட்டிருக்கிறதா, இருக்க வேண்டிய பணம் இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். இன்றைய உறுப்பினர்களுக்கு இனிமேல் கொடுக்க வேண்டிய தொகைக்கு அந்தப் பணமும் வரப்போகும் சந்தாவும் போதுமா என்று சொல்ல வேண்டியவர் காப்பீட்டுக் கணிப்பாளர். ‘ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார், எல்லாம் சரி’ என்று பொதுக்குழுவில் சொல்வதைக் கேட்டால் தயவுசெய்து நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கடைசியாக மதிப்பீடு செய்தது எந்த ஆண்டு, உறுப்பினர்களின் சராசரி வயது அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள்.

இருப்பு பெரிதாகத் தெரிந்தால் உபரி என்று எடுத்துக்கொள்வதும் தவறு. இளம் சங்கத்தில் இருப்பு ஏறத்தான் வேண்டும். அது முதுமைக்கான சேமிப்பு. அதைப் பார்த்து உதவித்தொகையை உயர்த்துவதோ ஆண்டு விழாவை விமரிசையாக நடத்துவதோ கூடாது. நிர்வாகச் செலவுக்குத் தனி நிதி, உதவிக்குத் தனி நிதி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் ‘கைமாற்று’ என்று நுழைந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஆண்டுக் கடைசியில் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் சங்கங்களும் உண்டு. அங்கே முதுமைக்கென்று ஒன்றும் சேராது என்பதைத் தெரிந்துகொண்டுதான் சேர வேண்டும்.

சரி, மதிப்பீட்டில் பற்றாக்குறை வந்தால்? சங்கத்தை மூட வேண்டியதில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு வயதுவாரியாகச் சந்தா வையுங்கள். பழையவர்களிடம் கணக்கைத் திறந்து காட்டி, சந்தாவைக் கொஞ்சம் கூட்டுவதா உதவியைக் கொஞ்சம் குறைப்பதா என்று அவர்களையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். சின்னச் சங்கத்தில் ஒரே ஆண்டில் நாலு மரணம் நடந்தாலே நிதி ஆடிவிடும். மான்செஸ்டர் யூனிட்டியில் நோய்ப்படியைக் கிளையே கொடுத்தது, ஈமச்சடங்குத் தொகையை மாவட்ட நிதி ஏற்றுக்கொண்டது. நாலைந்து சின்னச் சங்கங்கள் சேர்ந்து மரண நிதியை மட்டும் பொதுவாக்கிக்கொள்வதை இன்றைக்கும் யோசிக்கலாம்; அதற்கு முன் அவரவர் பதிவேட்டில் பிறந்த தேதிகளை நிரப்பியாக வேண்டும்.