மூன்று பஸ் ஏன் சேர்ந்தே வருகின்றன?

மந்தைவெளியில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பல வருடங்களாக ஆபீசுக்குக் காரில் போனவர், நெரிசல் அலுத்துப்போய் பஸ்ஸுக்கு மாறியிருக்கிறார். இரண்டே வாரம்தான், மறுபடி கார். காரணம், நிறுத்தத்தில் அரை மணி நேரம் ஒரு பஸ்ஸும் வருவதில்லை. அப்புறம் ஒரே நம்பரில் மூன்று பஸ், ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்து நிற்கின்றன. டிரைவர்கள் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்களா என்று கேட்கிறார்.

இல்லை. நேர்மாறாக, யாரும் எதுவும் பேசிக்கொள்ளாததால்தான் இப்படி நடக்கிறது.

ஒரு பஸ்ஸில் போகும் அறுபது பேரும் காரில் போனால் சாலை என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் காரை விட மனம் வராததற்குப் பெரிய காரணம் டிக்கெட் விலையோ பஸ்ஸின் வேகமோ இல்லை, எப்போது வரும் என்று தெரியாத அந்தக் காத்திருப்புதான் என்பது என் எண்ணம். அதனால் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

ஒரு கணக்கு போடுவோம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடத்துக்கு 2 பேர் வருகிறார்கள். ஒருவர் ஏற 3 வினாடி. ஆக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் 20 பேர், 60 வினாடி. எல்லாம் ஒழுங்காகப் போகிறது.

இப்போது ஒரு பஸ் மட்டும் சிக்னலில் மாட்டி 2 நிமிடம் தாமதமாகிறது. அடுத்த நிறுத்தத்தில் அதற்காக 12 நிமிடக் கூட்டம் சேர்ந்திருக்கும். 24 பேர், 72 வினாடி. தாமதம் இன்னும் 12 வினாடி கூடிவிட்டது. அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் அதிகம், தாமதமும் அதிகம். நிறுத்தத்துக்கு 10 சதவீதம் என்று வட்டிக்கு வட்டி ஏறுகிறது. ஏழே நிறுத்தத்தில் 2 நிமிடம் ஏறக்குறைய 4 நிமிடம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குப் பின்னால் வருகிறது. பின்னால் வரும் பஸ்ஸைப் பாருங்கள். அது ஒரு தவறும் செய்யவில்லை, சரியான நேரத்துக்குத்தான் வருகிறது. ஆனால் முன்னால் போனது இப்போதுதான் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. மிச்சம் 8 நிமிடக் கூட்டம், 16 பேர்தான். 48 வினாடியில் வேலை முடிந்து 12 வினாடி முன்னதாகவே கிளம்பிவிடுகிறது. அடுத்த நிறுத்தத்தில் ஆட்கள் இன்னும் குறைவு, வேகம் இன்னும் அதிகம். முன்னால் இருப்பது பின்வாங்க, பின்னால் இருப்பது முன்னேற, காகிதத்தில் போட்டுப் பார்த்தால் பத்தாவது நிறுத்தத்தில் அந்தப் பத்து நிமிட இடைவெளி மொத்தமும் கரைந்து இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே இதைக் கணிதமாக எழுதிவிட்டார்கள். சீரான இடைவெளி என்பது கூர்முனையில் நிற்க வைத்த பென்சில் மாதிரி. தொட்டால் போதும், விழுந்துவிடும்.

அடுத்து, "நான் போய் நின்றாலே பஸ் வராது, என் ராசி அப்படி" என்பவர்கள். காலையில் யார் முகத்தில் முழித்தேனோ என்றுகூடச் சொல்வார்கள். இதில் கிரகத்துக்கு ஒரு வேலையும் இல்லை. 20 நிமிடத்தில் இரண்டு பஸ், ஆனால் இடைவெளி 18 நிமிடம், 2 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 10 நிமிடம்தான். நிமிடத்துக்கு ஒருவர் வந்தால், 20 பேரில் 18 பேர் அந்த நீண்ட இடைவெளிக்குள்தான் வந்து சேருவார்கள். சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம் இல்லை, 8 நிமிடத்துக்கும் மேல். முதல் பஸ்ஸில் 18 பேர் நெரிய, அடுத்ததில் 2 பேர் உட்கார்ந்து போவார்கள். அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவருக்கு ஒரு பஸ்ஸுக்கு 10 பேர். பயணிகளைக் கேட்டால், பத்தில் ஒன்பது பேர் கூட்டம் தாங்கவில்லை என்பார்கள். இரண்டு பேச்சும் உண்மை!

டிரைவர்களுக்கு முன்னால் போகும் பஸ்ஸைப் பற்றிய தகவல் கிடைத்தால் என்ன ஆகும்? மெக்ஸிகோவின் குவெர்னவாகா நகரில் பஸ்கள் டிரைவர்களுக்கே சொந்தமாக இருந்தன. முன்னால் போன பஸ்ஸை ஒட்டியே போனால் வசூல் போச்சு. அதனால் வழியில் ஆள் வைத்து, முந்தைய பஸ் எப்போது போனது என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். கிர்பாலெக், ஷேபா என்ற இரண்டு செக் இயற்பியலாளர்கள் அந்த இடைவெளிகளை அளந்து 2000-இல் வெளியிட்டார்கள். அவை, கனமான அணுக்கருக்களின் ஆற்றல் நிலைகளைப் புரிந்துகொள்ள இயற்பியலாளர் விக்னர் 1950-களில் கொண்டுவந்த அதே வகைக் கணிதத்துக்குள் அழகாகப் பொருந்தின. பஸ் ஸ்டாப்பில் நின்று நேரம் குறிப்பதெல்லாம் ஆராய்ச்சியா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மேம்பாலத்துக்குக் கோடிகளை ஒதுக்கும் நாம், அதில் ஒரு தூணின் செலவையாவது இப்படி ஆராய முன்வரும் மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பஸ்களின் ஜிபிஎஸ் பதிவுகளையும் அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

தீர்வு புதிய பஸ் வாங்குவது மட்டும் இல்லை. பார்த்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு வழி சொன்னார்கள். கால அட்டவணையை மறந்துவிட்டு, பின்னால் வரும் பஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதற்கு ஏற்ற நேரம் டெர்மினஸில் நின்று கிளம்ப வேண்டும். அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக வளாகப் பஸ்களில் அதைச் செய்தும் பார்த்தார்கள். இடைவெளி தானே சீராகிவிடுகிறது. இன்னொரு வழி, ஏறும் நேரத்தைக் குறைப்பது. பிரேசிலின் குரிச்சிபாவில் நிறுத்தத்துக்குள் நுழையும்போதே காசு கட்டிவிடுவார்கள், தளமும் பஸ்ஸின் உயரத்திலேயே இருக்கும், படி ஏற வேண்டியதில்லை. மேலே போட்ட கணக்கில் 3 வினாடியை ஒன்றரை ஆக்கினால், அதே பத்தாவது நிறுத்தத்தில் 5 நிமிட இடைவெளி பத்திரமாக மிஞ்சுகிறது. தாழ்தளப் பஸ்ஸும் செல்போன் டிக்கெட்டும் வெறும் வசதிக்காக வந்தவை என்று நினைக்காதீர்கள்.

மந்தைவெளி நண்பருக்கு ஒரு யோசனை. மறுபடி பஸ்ஸுக்கு வாருங்கள். அடுத்த முறை மூன்றும் சேர்ந்து வரும்போது முதல் பஸ்ஸைக் கவனியுங்கள். இடது பக்கம் சாய்ந்திருக்கும், படியில் ஆள் தொங்கும், சில்லறை கைமாறிக் கைமாறிக் கண்டக்டரிடம் போய்க்கொண்டிருக்கும். அதில் ஏறாதீர்கள். நீங்கள் ஏறாத அந்த 3 வினாடி அதற்கு மிச்சம், கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிடும். பின்னாலேயே நிற்கும் இரண்டாவதில் ஏறுங்கள். பெரும்பாலும் ஜன்னலோர இருக்கையே காலியாக இருக்கும்.