சராசரியைப் பார்க்கும் முன் வயதைப் பாருங்கள்

நியூ ஜெர்சியில் எடிசன், பிரிட்ஜ்வாட்டர் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு சாமர்செட் பேட்ரியட்ஸ் பேஸ்பால் அணியின் மைதானம் தெரிந்திருக்கும். வேங்கடேசுவரர் கோயில் இருக்கும் அதே பிரிட்ஜ்வாட்டர்தான். 2021 முதல் இந்த அணி நியூயார்க் யாங்கீஸின் டபுள்-ஏ கிளை, அதாவது மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே ஆடும் அணி. நாளைக்கு யாங்கீ ஸ்டேடியத்தில் ஆடப்போகும் பையன்களை இன்றைக்கே பக்கத்திலிருந்து பார்த்துவிடலாம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தமிழ்க் குடும்பங்களை அங்கே பார்க்கிறேன்.

நான் விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருபவர்களில் பேஸ்பால் ஆடும் பள்ளிப் பிள்ளைகள் நிறைய. வலியைப் பற்றிப் பேசி முடித்ததும் அப்பாக்கள் அடுத்த பேச்சுக்கு வந்துவிடுவார்கள். "அவன் டீம்ல இன்னொரு ஷார்ட்ஸ்டாப் இருக்கான் சார். இவனைவிட அரை அடி உயரம், சராசரியும் அதிகம். இவன் தேறுவானா?" பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்தப் பழக்கத்தின் ஒரு பகுதி, யாங்கீஸின் இளம் வீரர்கள் பட்டியலை வரிசை எண்ணோடு படிப்பதிலிருந்து வருகிறது. அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று ஒரு முறையாவது எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காக: இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். வலது கை பேட்டர்கள் இழுத்து அடிக்கும் பந்து பெரும்பாலும் அவரிடம்தான் வரும். அதைப் பிடித்து, உடம்பைத் திருப்பி, மைதானத்தின் குறுக்கே முதல் பேஸுக்கு எறிய வேண்டும். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரைப் போல, முதலில் கைத்திறன், பிறகுதான் பேட்டிங். பள்ளிகளில் இருப்பதிலேயே சிறந்த விளையாட்டுக்காரனை அந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள். அதனால் அணிகள் ஆள் எடுக்கும்போதே ஷார்ட்ஸ்டாப்புகள் குவிந்துவிடுகிறார்கள். பிறகு ஒருவன் இரண்டாம் பேஸுக்குப் போவான், இன்னொருவன் மூன்றாம் பேஸுக்கு, வேறொருவன் வேறு அணிக்கு.

2022இல் யாங்கீஸின் பண்ணை அமைப்பு (இளம் வீரர்களை வளர்க்கும் கீழ்ப் படி அணிகள்) அப்படித்தான் இருந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் கோரி சீகர், கார்லோஸ் கொரெயா போன்ற பெரிய ஷார்ட்ஸ்டாப்புகள் சந்தையில் இருந்தும் யாங்கீஸ் வாங்கவில்லை. ஐசையா கைனர்-ஃபலேஃபாவைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, தங்கள் பையன்களுக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பையன்கள் ஆந்தனி வோல்ப்பியும் ஆஸ்வால்ட் பெராசாவும். பின்னால் ட்ரே ஸ்வீனி, இன்னும் பின்னால் ரோடெரிக் அரியாஸ்.

வோல்ப்பி நம்ம ஊர்ப் பையன், மாரிஸ்டவுனில் டெல்பார்டன் பள்ளியில் படித்தவர். 2019 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் நிகழ்வு) 30ஆவது தேர்வு, போனஸ் 27 லட்சம் டாலருக்கு மேல். பெராசா வெனிசுவேலாக்காரர். 2016இல், பதினாறு வயதில், 1,75,000 டாலருக்குக் கையெழுத்திட்டார். போட்ட பணம் அதிகமென்றால் அந்தப் பையனுக்குக் கிடைக்கும் பொறுமையும் அதிகம். எந்தப் பட்டியலும் இதைச் சொல்லாது. இருவருக்கும் வயது வித்தியாசம் பத்து மாதத்துக்கும் கொஞ்சம் கூடுதல். 2000 ஜூனில் பெராசா, 2001 ஏப்ரலில் வோல்ப்பி.

இனி எண்களுக்கு வருவோம். சராசரி என்பது மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு அடித்துப் பேஸை எட்டினார் என்பது; திருட்டு என்றால் பிட்சர் (பந்து எறிபவர்) எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது. 2021இல் வோல்ப்பி .294 சராசரி, 27 ஹோம் ரன், 33 பேஸ் திருட்டு. அதே ஆண்டு பெராசா .297, 18 ஹோம் ரன், 38 திருட்டு. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் வோல்ப்பி அடிக்கிறவர், பெராசா ஓடுகிறவர் என்று தோன்றும். ஆனால் லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ என்று படி ஏறித்தான் மேஜர் லீக். வோல்ப்பி அந்த ஆண்டை டாம்பாவில் லோ-ஏவில் தொடங்கி ஹட்சன் வேலியில் ஹை-ஏவில் முடித்தார். பெராசா ஹை-ஏவில் தொடங்கி, டபுள்-ஏ சாமர்செட் வழியாக ட்ரிபிள்-ஏவை எட்டிப் பார்த்துவிட்டார். ஒரு முழுப் படி மேலே. ஒவ்வொரு படியிலும் பிட்சர்களின் வயது கூடும், வேகம் கூடும், முக்கியமாக வேகப்பந்து தவிர்த்த மற்ற வகைப் பந்துகளின் தரம் கூடும்.

இதோடு விதிகளும் வேறு. 2021இல் மேஜர் லீக் நிர்வாகம் கீழ்ப் படிகளைச் சோதனைக்கூடமாக வைத்திருந்தது. டாம்பா ஆடிய லீக்கில் பெரும்பாலான மைதானங்களில் பந்து அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்ததா (ஸ்டிரைக்) வெளியே போனதா (பால்) என்பதைக் கருவிதான் சொன்னது. பந்தை விட்டுவிடத் தெரிந்த பொறுமைசாலிக்கு அது வேறொரு ஆட்டம். லோ-ஏ முழுக்க, பேஸில் நிற்பவரைப் பிடிக்க பிட்சர் இரண்டு முறைதான் முயலலாம் என்றும் கட்டுப்பாடு இருந்தது. ஓடத் தெரிந்தவனுக்குத் திருவிழா. வோல்ப்பி டாம்பாவில் 54 ஆட்டங்களில் 21 பேஸ் திருடினார். ஹட்சன் வேலியில் 55 ஆட்டங்களில் 12. ஆன்-பேஸ் விகிதம் (அடித்தோ, பந்தை விட்டோ பேஸை எட்டும் விகிதம்) .455இலிருந்து .391க்கு இறங்கியது. இரண்டாவது எண்ணும் அருமையானதுதான். ஹோம் ரன் 12இலிருந்து 15 ஆகக் கூடவும் செய்தது. அவர் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே ஆளின் ஒரே ஆண்டுக்குள்ளேயே இவ்வளவு மாறும்போது, இரண்டு ஆட்களின் மொத்தக் கணக்கை நேருக்கு நேர் வைத்து என்ன கண்டுபிடிக்கப்போகிறோம்?

அடுத்த ஆண்டு பெராசா ட்ரிபிள்-ஏவில் .259, 19 ஹோம் ரன், 33 திருட்டு. வோல்ப்பி பெரும்பகுதி சாமர்செட்டில் .251, கடைசியில் ட்ரிபிள்-ஏவில் ஆடியதையும் சேர்த்தால் 21 ஹோம் ரன், 50 திருட்டு. செப்டம்பரில் பெராசாவை மேலே அழைத்தார்கள், 18 ஆட்டங்களில் .306 அடித்தார். வேலை அவருக்குத்தான் என்று பலரும் நினைத்தார்கள். 2023 சீசனுக்கு முந்தைய வசந்தகாலப் பயிற்சியில் வோல்ப்பி வெளுத்து வாங்கினார், பெராசாவால் அடிக்க முடியவில்லை. சில வார ஆட்டம் முடிவைத் தீர்மானித்தது. இருபத்தொரு வயது வோல்ப்பி தொடக்க நாளில் ஷார்ட்ஸ்டாப்பாக இறங்கினார். பெராசா திரும்பவும் ட்ரிபிள்-ஏவுக்கு.

ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காக ஆள் தேடுபவர்கள்) 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. அடிக்கும் திறன், வலு, ஓட்டம், கை, பிடிப்பு என்று ஐந்துக்கும் தனித்தனியாக. பெராசாவின் கைக்கும் பிடிப்புக்கும் நல்ல மதிப்பெண். வோல்ப்பியின் எறிகை சுமார், இரண்டாம் பேஸுக்குப் போகவேண்டி வரும் என்று எழுதியவர்கள் உண்டு. அந்த வோல்ப்பி 2023இல், சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருதை வாங்கினார். யாங்கீஸ் வரலாற்றில் அதை வாங்கிய முதல் புதுமுகம் அவர். அவருடைய பலம் என்று எல்லோரும் சொன்ன பேட்டிங்தான் .209இல் நின்றது. எழுதியவர்கள் முட்டாள்கள் என்று சொல்ல வரவில்லை. இருபது வயது உடம்பைப் பார்த்து இருபத்தைந்து வயது உடம்பைச் சொல்வது அவ்வளவு கடினம். என் தொழிலிலும் அதே பாடுதான்.

ஃபீல்டிங் தவறுகளின் (எரர்) எண்ணிக்கை இதைவிட மோசமான வழிகாட்டி. பின்னாளில் யாங்கீஸின் புகழ்பெற்ற ஷார்ட்ஸ்டாப்பான டெரெக் ஜீட்டர் 1993இல், கீழ்ப் படி அணியான கிரீன்ஸ்பரோவில் ஒரே சீசனில் 56 தவறுகள் செய்தார். வயது பத்தொன்பது. அந்த ஜீட்டர் 2020இல் 397 வாக்குகளில் 396 பெற்று ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். கீழ்ப் படி மைதானங்களில் தரை குண்டும் குழியுமாக இருக்கும். முதல் பேஸில் நிற்பவனும் கற்றுக்குட்டி; மோசமாக வரும் எறிபந்தை வாரிப் பிடிக்கத் தெரியாது. போதாததற்கு, பந்தை எட்டவே முடியாதவன் பெயரில் தவறு எழுதப்படுவதில்லை. ஓடிப்போய் எட்டியவன்தான் மாட்டுவான்.

எனக்கு நேரடியாகத் தெரிந்த விஷயம் உடம்பு. எண்களில் அது தெரியாது. 2019இல் வோல்ப்பியின் முதல் தொழில்முறைச் சீசன் .215. அதை மட்டும் பார்த்தவர் அவரை அப்போதே தள்ளியிருப்பார். அப்போது அவருக்கு மோனோநியூக்ளியோசிஸ் என்ற வைரஸ் காய்ச்சல். வாரக்கணக்கில் ஆளை அடித்துப் போட்டுவிடும். 2020இல் கொரோனாவால் மைனர் லீக் நடக்கவேயில்லை. அந்த இடைவெளியில் உடம்பையும் அடிக்கும் முறையையும் மாற்றிக்கொண்டு வந்தார். பெராசாவுக்கு 2024 வசந்தகாலத்தில் எறியும் தோளிலேயே தசைக் காயம். சீசன் தொடக்கத்தைத் தவறவிட்டார். வோல்ப்பிக்கு 2025 மே மாதத்தில் இடது தோளின் லேப்ரம் (மூட்டுக் குழியின் விளிம்புக் குருத்தெலும்பு) கிழிந்தது. வலது கை பேட்டருக்கு அது முன் தோள். மட்டையைச் சுழற்றும்போது இழுவையைத் தாங்குவது அதுதான். அதோடே சீசன் முழுக்க ஆடினார், அக்டோபரில் அறுவை சிகிச்சை. அந்த ஆண்டு .212 சராசரி, 19 தவறுகள். அந்த எண்களில் தோளின் பங்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெராசா .152இல் தடுமாறி, ஜூலைக் கடைசியில் ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார்.

மற்ற இருவரும் சுருக்கமாக. அரியாஸ் 2022 ஜனவரியில், பதினேழு வயதில், 40 லட்சம் டாலர் போனஸ் வாங்கியவர். 2024 முழுக்க அவர் இருந்தது லோ-ஏவில். யாரும் பெரிதாகப் பேசாத ஸ்வீனி, இரண்டு கைமாறி, 2024 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணிக்காக மேஜர் லீக்கில் இறங்கி, அந்த ஆண்டு பிளேஆஃபிலும் அவர்களின் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடினார்.

அப்பா அம்மாக்களிடம் ஒரு விஷயம். பதின்மூன்று வயதில் அரை அடி உயர வித்தியாசம் என்பது பெரும்பாலும் பருவம் முந்தி வந்ததா பிந்தி வந்ததா என்பதன் அளவு. அதை வைத்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். இதைவிட அவசரமானது முழங்கை. லிட்டில் லீகில் 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் பிட்ச் செய்யக் கூடாது. 13 முதல் 16 வயதுக்கு 95. ஆனால் நல்ல கை உள்ள பையன் பிட்சிங் முடிந்ததும் எங்கே போய் நிற்கிறான்? ஷார்ட்ஸ்டாப்பில். அங்கிருந்து முழு வேகத்தில் எறியும் பந்துகளை யாரும் எண்ணுவதில்லை. இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் பயிற்சி எறிதல், வார இறுதி டிராவல் டீம், தனிப் பயிற்சி எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. முழங்கையின் உட்புற வளர்ச்சித் தட்டு பதின்ம வயதின் நடுவில் இன்னும் மூடியிருக்காது. உட்புறத்தில் தொட்டால் வலி, ஆட்டம் முடிந்த மறுநாளும் வலி என்றால் எறிவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஐஸ் வைத்து அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பாதீர்கள். அந்த உயரமான போட்டிப் பையனுக்கும் இதே ஆபத்துதான், சொல்லப்போனால் அவனுக்கு அதிகம். அவனைத்தான் எல்லா இடத்திலும் ஆட வைப்பார்கள்.

2025இல் சாமர்செட்டில் ஒரு புது ஒப்பீடு ஓடியது. ஜார்ஜ் லொம்பார்ட் ஜூனியர், 2023 டிராஃப்டில் 26ஆவது தேர்வு. அந்த ஆண்டு ஹை-ஏவில் 24 ஆட்டங்களில் .329 அடித்ததும் சாமர்செட்டுக்கு ஏற்றினார்கள், இங்கே .215. வோல்ப்பியின் .251 எங்கே, இது எங்கே என்று கேலி செய்தார்கள். வோல்ப்பி சாமர்செட்டுக்கு வந்த மாதமே இருபத்தொன்றைத் தொட்டுவிட்டார். லொம்பார்ட் இங்கே வந்தபோது பத்தொன்பது; ஜூன் 2ஆம் தேதிதான் இருபது முடிந்தது. இருபது வயது வோல்ப்பி டபுள்-ஏ பிட்சர்களைப் பார்த்தது சில வாரங்கள்தான். லொம்பார்டின் ஆன்-பேஸ் விகிதம் ஆண்டு முழுதுக்கும் .367, பந்தைத் தேர்ந்து அடிக்கும் கண் இருக்கிறது. ஸ்டிரைக்அவுட்தான் (மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டமிழப்பது) அதிகம். என்னைக் கேட்டால் சராசரியை விட்டுவிட்டு, நல்ல சுழல் பந்து வரும்போது அவர் மட்டை எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதைத்தான் கவனிப்பேன்.