குட்டி கத்துகிறது, நமக்குத்தான் கேட்பதில்லை

வீட்டில் வளரும் வெள்ளைச் சுண்டெலி குட்டி போட்டிருக்கிறது. கை பட்டால் தாய் தின்றுவிடுமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மனித வாடை ஒன்றுக்காகத் தின்பது அரிது. தண்ணீர் தீர்ந்தாலோ, புரதம் போதாவிட்டாலோ, கூண்டைச் சும்மா சும்மா திறந்து மிரட்டினாலோதான் ஆபத்து. செத்த குட்டியைத் தின்பது வேறு கதை. அது கூட்டைச் சுத்தம் செய்வது.

ஆண் எலியை ஈனுமுன்பே பிரித்திருக்க வேண்டும்: ஈன்ற 24 மணி நேரத்துக்குள் தாய் மறுபடி சினைப்படும். கூடு கட்ட மணமில்லாத டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். பஞ்சு வேண்டாம், இழை குட்டியின் காலில் சுற்றி இறுக்கும். வழக்கமான தீனியோடு தினம் ஒரு சிட்டிகை வேகவைத்த முட்டை கொடுங்கள். குட்டியின் வயிற்றில் இடப்பக்கம் தோலுக்கடியில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பால் குடித்திருக்கிறது.

இனி ரசமான விஷயம். பிறந்த குட்டி ஒன்றரை கிராம்கூடத் தேறாது. ரோமமில்லை, நடுங்கிச் சூடேற்றவும் தெரியாது. கூட்டைவிட்டு உருண்டால் சில நிமிடங்களில் சில்லிட்டுப்போகும். உடனே குரல்வளையால் விசிலடிக்கும், 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ் வரை (ஒரு கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஆயிரம் அதிர்வு). நம் காது 20-ஓடு நின்றுவிடும். 1956-இல்தான் ட்சிப்பேலியுஸ், ஷ்லைட் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

ஏன் இவ்வளவு கீச்சுக் குரல்? 70 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் அரை சென்டிமீட்டர். 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் 34 சென்டிமீட்டர். அந்த நீள அலை எலியின் தலையைச் சுற்றி வழிந்தோடி இரு காதிலும் ஒன்றுபோலவே விழும். அரை சென்டிமீட்டர் அலையைத் தலை மறைக்கும், ஒரு காதில் ஒலி மங்கும். அந்த வித்தியாசமே தாய்க்குத் திசை காட்டுகிறது. ஆந்தைக்கு இந்த ஒலி கேட்காது. பூனைக்குக் கேட்கும், பாவம்.

குட்டி போடாத பெண் எலி பெரும்பாலும் இந்தக் கத்தலைப் பொருட்படுத்தாது. மூளையில் ஒலியை உணரும் இடப்பக்கப் பகுதியில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைச் செலுத்தினால் அதுவும் குட்டியைத் தூக்கிவரக் கற்றுக்கொள்கிறது என்று நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு 2015-இல் காட்டியது. பிரசவ வார்டில் வலி வரவழைக்க ஏற்றும் அதே ஆக்சிடோசின். எலிக்கத்தல் ஆராய்ச்சிக்கா வரிப்பணம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு இது போதும்.

குட்டியின் குரல் தாய்க்கு எட்ட வேண்டும். ஆகவே வீட்டில் நமக்குக் கேட்காத ஒலி எழுப்பி எலி விரட்டும் அல்ட்ராசோனிக் கருவி இருந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். ஏசி காற்று கூண்டில் நேரே படக்கூடாது. ரொம்பவும் குளிர்ந்த குட்டி கத்துவதை நிறுத்திவிடும். தாய்க்கும் தகவல் போகாது. அப்போது கை படத்தான் வேண்டும். கூண்டிலுள்ள பழைய படுக்கைத் தூளில் கையைத் தேய்த்துக்கொண்டு, குட்டியை உள்ளங்கையில் மூடி, நெளியத் தொடங்கும்வரை சூடேற்றிக் கூட்டருகே விடுங்கள்.