பரிணாமம்: பின்னால் ஒட்டிக்கொண்ட ‘வளர்ச்சி’

பரிணாமம் (பெயர்ச்சொல்): ஓர் உயிரினக் கூட்டத்தில் மரபுவழி வரும் பண்புகள் தலைமுறை தலைமுறையாக மாறிவருவது.

இந்த விளக்கத்தில் ‘வளர்ச்சி’ என்ற சொல் எங்குமே இல்லை. ஆனால் நாம் எழுதும்போது ‘பரிணாம வளர்ச்சி’ என்றுதான் கை தானாக எழுதுகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பரிணாமம் வடசொல். உருமாறி வேறொன்றாக ஆவது என்று பொருள். பழைய இந்தியத் தத்துவப் பிரிவுகளில் ஒன்றான சாங்கியத்தில் பால் தயிராவதைப் பரிணாமத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். தயிர் பாலைவிட உயர்ந்தது என்று அங்கே யாரும் சொல்லவில்லை, மாறியது என்பது மட்டும்தான் செய்தி. (பரிமாணம் வேறு சொல். அது அளவைக் குறிக்கும். ‘பரிமாண வளர்ச்சி’ என்று எழுதுவது இரட்டைப் பிழை.)

ஆங்கிலத்தின் ‘எவல்யூஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. சுருட்டி வைத்த ஏட்டை விரிப்பது என்பது அதன் மூலப்பொருள். ஏட்டில் முன்பே எழுதியிருப்பதுதானே விரிக்கும்போது தெரியும்? 18ஆம் நூற்றாண்டில் கருவின் வளர்ச்சியை ஆராய்ந்தவர்கள் அந்தப் பொருளில்தான் அதைக் கையாண்டார்கள். 1859இல் வெளிவந்த டார்வினின் நூலில், முதல் பதிப்பில், ‘எவல்யூஷன்’ என்ற சொல்லே கிடையாது. ‘மாற்றத்துடன் கூடிய மரபுவழி’ என்ற தொடரையே அவர் விரும்பினார். ‘எவல்யூஷன்’ என்பதன் வினை வடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது. எவல்யூஷனை எல்லார் வாயிலும் புழங்க வைத்ததில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்கு அது முன்னேற்றத்தின் மறுபெயர்.

முன்னேற்றம் இல்லாமலும் பரிணாமம் நடக்கும். மெக்சிகோ குகைகளில் கண்ணில்லாத மீன் ஒன்று உண்டு. அதே இனம் வெளியே ஆறுகளில் கண்ணோடு வாழ்கிறது. குகை மீனுக்கும் கருவில் கண் உருவாகத்தான் தொடங்குகிறது. அப்புறம் கண்வில்லையின் செல்கள் மடிகின்றன, கண் சுருங்கி உள்ளே போகிறது, மேலே தோல் மூடிக்கொள்கிறது. இருட்டில் கண்ணால் பயன் இல்லை, அதை வைத்துக்கொள்வதோ உடலுக்குச் செலவு. இதை ‘வளர்ச்சி’ என்று எப்படிச் சொல்வது?

குனிந்த குரங்கிலிருந்து நிமிர்ந்த மனிதன் வரை வரிசையாக நடந்து போகும் படத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. 1965இல் ருடால்ஃப் சாலிங்கர் வரைந்த படம் அது. வரிசையின் கடைசியில் விண்வெளி வீரரை நிறுத்தும் நகல்களும் உண்டு. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903இல், நிலவில் மனிதன் கால்வைத்தது 1969இல். 66 ஆண்டுகளில் நம் மரபணுக்கள் குறிப்பிடும்படி எதுவும் மாறிவிடவில்லை. மாறியது அறிவும் கருவியும். அது மனித முன்னேற்றம், அதற்கு அந்தச் சொல்லே போதும். அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 2015–16இல் 340 நாள் தொடர்ந்து விண்ணில் இருந்தார். உடலில் பல மாற்றங்கள் தெரிந்தன, அவற்றில் பெரும்பாலானவை பூமிக்குத் திரும்பியதும் சரியாகிவிட்டன. அதுவும் பரிணாமம் இல்லை, ஓர் உடல் சூழலுக்குப் பழகியது. போக்கிமான் விளையாட்டில் பிக்காச்சு என்ற உயிர் ஒரே நொடியில் ராய்ச்சு ஆகிறதே, அங்கே ‘எவல்யூஷன்’ என்று சொல்லப்படும் அதுவும் உருமாற்றம்தான். கம்பளிப்புழு பட்டாம்பூச்சி ஆகிற வகை.

சரி, தமிழ்ச் சொல்? படிவளர்ச்சி, படிமலர்ச்சி இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டிலும் படியேறும் எண்ணம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இலங்கைப் பாடநூல்கள் ‘கூர்ப்பு’ என்கின்றன. எனக்கு இதுதான் பிடிக்கிறது. “கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்” என்பது தொல்காப்பியம், உரியியல். ஏற்கெனவே உள்ளது மிகுவதுதான் கூர்ப்பு. இயற்கைத் தேர்வும் புதிதாக எதையும் படைப்பதில்லை. கூட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் வேறுபாடுகளில் சிலதான் அடுத்தடுத்த தலைமுறைகளில் மிகுகின்றன. ‘சிறக்கும்’ என்பதில் மேன்மையின் சாயல் கொஞ்சம் உண்டுதான். ஆனாலும் ‘வளர்ச்சி’ அளவுக்கு அது திசைதிருப்பாது.

கூர்ப்பு பழகாத இடத்தில் ‘பரிணாமம்’ என்று மட்டும் எழுதலாம். ‘ராக்கெட்டின் பரிணாம வளர்ச்சி’ என்பதை ‘ராக்கெட்டின் வளர்ச்சி’ என்றாலே பொருள் முழுதாக வந்துவிடுகிறது.