மாமாவுக்கு ஒரு குறுஞ்செய்தி: நான்கு திறன்களையும் பிணைக்கும் ஆங்கிலப் பாடத்தைத் திட்டமிடுதல்

ஆங்கில ஆசிரியர்களின் பாடக்குறிப்பேடுகளைப் புரட்டினால், கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கு தலைப்புகளும் பெரும்பாலும் தவறாமல் இடம்பெற்றிருக்கும். கேட்டலுக்கு எதிரே "ஆசிரியர் பாடத்தை வாசிப்பார், மாணவர் கவனிப்பர்" என்றும், பேசுதலுக்கு எதிரே "மாணவர் வினாக்களுக்கு விடையளிப்பர்" என்றும், படித்தலுக்கு "ஒருவர்பின் ஒருவராக வாய்விட்டு வாசிப்பர்" என்றும், எழுதுதலுக்கு "பாடப்பின் வினாக்களுக்கு விடை எழுதுவர்" என்றும் குறித்திருப்பார்கள். பார்வையிட வரும் அலுவலர் கையொப்பமிடுவதற்கு இது போதும். ஆனால் அந்தக் குறிப்பிலிருந்து ஏதேனும் ஒரு வரியை நீக்கிப் பாருங்கள்: மற்ற மூன்றும் எந்தத் தடையுமின்றி நடந்து முடியும். கேட்காதவனும் வாசிக்கலாம், வாசிக்காதவளும் கரும்பலகையைப் பார்த்து விடையை எழுதிக்கொள்ளலாம். நான்கு திறன்களும் ஒரே நாளில் தலைகாட்டிவிட்டதாலேயே அவை ஒருங்கிணைந்துவிட்டதாக நாம் கருதிக்கொள்கிறோம். ஒரு படியைத் தவறவிட்ட மாணவனால் அடுத்த படியில் கால் வைக்க முடியாதபடி பாடம் அமைந்திருக்கிறதா என்பதே நான் எந்தப் பாடக்குறிப்பிலும் முதலில் தேடுகிற அடையாளம்.

இந்நிலைக்குத் தேர்வுமுறையும் ஒரு காரணம். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கான 100 மதிப்பெண்களும் எழுத்துத் தேர்வுக்கே உரியவை. காதையும் வாயையும் சோதிக்கும் பகுதி அதில் இல்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டலும் பேசுதலும் ஓரங்கட்டப்படுகின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே வினாத்தாளில், சாலை வரைபடத்தைப் பார்த்து வழி தெரியாத ஒருவருக்கு வழி சொல்லும் வினா இருக்கிறது. வாயால் செய்ய வேண்டிய செயலையே அது எழுத்தில் கேட்கிறது. தெருவில் நின்று ஒருவருக்கு ஆங்கிலத்தில் ஒருமுறைகூட வழி சொல்லிப் பழகாத மாணவர்கள், கைடில் உள்ள "கோ ஸ்ட்ரெயிட், டேக் த ஃபர்ஸ்ட் லெஃப்ட்" என்னும் வரிகளை மனப்பாடம் செய்து, வரைபடத்தில் இடது வலது எப்படி இருந்தாலும் அதையே எழுதிவிட்டு வருகிறார்கள்.

ஒருங்கிணைந்த பாடத்தைத் திட்டமிடுவதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, கடைசிப் படியை முதலில் முடிவுசெய்வது. பாட முடிவில் மாணவர் கையில் என்ன இருக்க வேண்டும், அதை யார் படிக்கப்போகிறார்கள், படித்தவர் என்ன செய்யப்போகிறார் என்னும் மூன்றும் தெளிவானால், அதை எழுதுவதற்கு எவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கி நடந்து போகலாம். தெரிய வேண்டியவற்றில் ஒரு பகுதியைக் காது வழியாகவும் மற்றொரு பகுதியைக் கண் வழியாகவும் கொடுத்து, இரண்டும் ஒரே மாணவனிடம் சேராதபடி பிரித்துவிட்டால், பேசுவதற்கான தேவை தானாகவே பிறந்துவிடும். "பேசுங்கள், பேசுங்கள்" என்று ஆசிரியர் ஊக்குவிக்க வேண்டியிருக்காது.

எட்டாம் வகுப்புக்கான ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டி விழுப்புரத்தில் வைகை எக்ஸ்பிரஸில் ஏறித் திண்டுக்கல்லில் இறங்கப்போகிறார். அவரை அழைத்துச்செல்ல மாமா நிலையத்துக்கு வர வேண்டும். மாமாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி எழுதுவதுதான் பாடத்தின் முடிவு. (மாமாவுக்கு எதற்காக ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று ஏதாவதொரு பிள்ளை கேட்கத்தான் செய்யும். அவருடைய பழைய கைப்பேசியில் தமிழ் எழுத்து வராது என்று சொல்லிச் சமாளிக்கலாம். அல்லது மாமாவை வேறு மாநிலத்து நண்பராக மாற்றிக்கொள்ளலாம்.) மாமா எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது அச்செய்தியில் இருந்தே தீர வேண்டும். அந்த நேரம் எங்கும் நேராகக் கிடைக்காது என்பதில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. வண்டி வழக்கமாகத் திண்டுக்கல் சேரும் நேரம் ஒரு அட்டவணைத் துண்டில் இருக்கிறது. எவ்வளவு தாமதம் என்பது நிலைய அறிவிப்பில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால்தான் விடை வரும்.

வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அட்டவணைத் துண்டுகளுடன் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிடலாம். உள்ளே இருப்பவர்களுக்கு ஆசிரியர் தாமே தயாரித்த அறிவிப்பை ஒலிக்கச் செய்கிறார்: "யுவர் அட்டென்ஷன் பிளீஸ். டிரெயின் நம்பர் ஒன் டூ சிக்ஸ் த்ரீ ஃபைவ், வைகை எக்ஸ்பிரஸ் ஃப்ரம் சென்னை எக்மோர் டு மதுரை, இஸ் ரன்னிங் லேட் பை ஃபார்ட்டி மினிட்ஸ்." "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தமிழில் தொடங்கும் அறிவிப்பைக் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு, ஆங்கில அறிவிப்பில் எந்தத் தகவல் எந்த இடத்தில் வரும் என்பது ஓரளவு தெரிந்தே இருக்கும். வண்டி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வார்கள் என்பதையும் அவர்கள் அறிவார்கள். தெரிந்த வடிவத்துக்குள் தெரியாத மொழி வரும்போது, காது அஞ்சிப் பின்வாங்குவதில்லை.

அறிவிப்பை மூன்று முறை ஒலிக்கச் செய்ய வேண்டும்; ஒவ்வொரு முறைக்கும் வேலை வேறு. முதல் முறை பேனாவைத் தொடக்கூடாது; வந்திருப்பது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்பதை மட்டும் சொன்னால் போதும். இரண்டாம் முறை எண்களைக் குறிக்க வேண்டும். மூன்றாம் முறை, குறித்தது சரியா என்று பக்கத்தில் இருப்பவருடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். 'ஃபார்ட்டி' என்பதைச் சிலர் 'ஃபோர்ட்டீன்' என்று குறித்திருப்பார்கள். எங்கே அழுத்தம் விழுகிறது என்று கவனிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளின் காதுக்கு இல்லை என்பதால், இந்தக் குழப்பம் இயல்பானது. முதல் அசையில் அழுத்தம் விழுந்து இறுதி குறுகினால் நாற்பது, இறுதி நீண்டு ஒலித்தால் பதினான்கு என்று அந்த இடத்தில் நின்று விளக்கலாம். திருத்தாமல் விட்டுவிட்டுக் காத்திருப்பது அதைவிட நல்லது: பதினான்கு என்று குறித்தவரின் மாமா 26 நிமிடம் முன்னதாகவே வந்து நடைமேடையில் காத்துக்கிடப்பார். அந்தப் பிழை கடைசிச் செய்தியில் தானே வெளிப்படும்போது, சிவப்பு மையால் சுழிப்பதைவிட ஆழமாகப் பதிகிறது.

கேட்டல் பயிற்சியை நம் வகுப்புகளில் குலைப்பது ஒலிபெருக்கி இல்லாத குறை என்று நான் நினைக்கவில்லை. ஓர் ஆங்கில வாக்கியத்தைச் சொன்ன மறுகணமே அதன் தமிழாக்கத்தையும் சொல்லிவிடும் வழக்கமே அதைக் குலைக்கிறது. அடுத்த நொடியில் தமிழ் வரும் என்று தெரிந்த பிள்ளை ஆங்கிலத்துக்கு ஏன் காது கொடுக்க வேண்டும்? தமிழே பேசக்கூடாது என்பது என் கருத்தன்று. பணி என்ன என்பதைத் தமிழில் விளக்கிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். மூன்று முறை கேட்டு முடியும்வரை அறிவிப்பின் பொருளை மட்டும் தமிழில் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தாழ்வாரத்தில் இருப்பவர்கள் செய்வது படித்தல். அட்டவணையைப் படிப்பது படிப்பாகுமா என்று கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். விழுப்புரம், திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல் என வரிசையாக நிற்கும் ஊர்ப்பெயர்களுக்கிடையே தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் தேடி, வருகை நேரத்தையும் புறப்பாட்டு நேரத்தையும் குழப்பிக்கொள்ளாமல் எடுப்பது படித்தலின் மிக முக்கியமான ஒரு வகை. ஒருவர் வாய்விட்டு வாசிக்க மற்றவர்கள் தம் முறை எப்போது வரும் என்று வரிகளை எண்ணிக்கொண்டிருக்கும் நம் வழக்கமான வாசிப்பில், பொருளை நோக்கிய கவனம் இந்த அளவுக்குக்கூட இருப்பதில்லை.

இரு பாதியினரும் எதிரெதிரே அமர்ந்தபின் பேச வேண்டும். ஆனால் நேராக அங்கே போய்விடக்கூடாது. தமிழில் வினா எழுப்பும்போது சொல்வரிசை பெரிதும் மாறுவதில்லை. "வண்டி ஆறு மணிக்கு வரும்" என்பதில் ஆறு மணியை எடுத்துவிட்டு 'எப்போது' என்று வைத்தால் வினா தயார். இந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் "வாட் டைம் இட் ரீச்சஸ் திண்டுக்கல்?" என்றுதான் கேட்பார்கள். "வாட் டைம் டஸ் இட் ரீச்?" என்று 'டஸ்' வந்து அமர்வதும், வினைச்சொல்லில் இருந்த 'எஸ்' மறைவதும் அவர்களுக்குப் புதியவை. ஆகவே வேறொரு வண்டியை எடுத்துக்கொண்டு, முழு வகுப்பையும் வைத்து, கரும்பலகையில் ஒரு சுற்று நடத்திவிட வேண்டும். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் பள்ளிகளில் மொழிக் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபு நடத்திய, பெங்களூர்த் திட்டம் என்று ஆங்கிலக் கற்பித்தல் உலகம் அழைக்கும் முயற்சியில், இதே முறைதான் கையாளப்பட்டது. ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்ட ஒரு பணியை ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதற்கும் முன்னால் செய்துகாட்டுவார். அதை ஒத்த வேறொரு பணியை மாணவர் தனியே செய்வார். பிரபு குழுப்பணியை விரும்பவில்லை; மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ஒருவர் பிழையை மற்றவர் உறுதிப்படுத்திவிடுவார்கள் என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. அந்த அச்சம் நியாயமானது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொரு வாயும் திறக்க வேறு வழி இல்லை என்பதால், இருவர் இருவராகப் பேசவிடுவதையே நான் ஆதரிக்கிறேன். ஆனால் முன்னோட்டம் இல்லாமல் அதைத் தொடங்குவதில்லை.

இணையாகப் பேசும்போது திட்டமிடுவதும் சண்டையிடுவதும் தமிழில்தான் நடக்கும். தகவல் கைமாறும் அந்த இரண்டு வினாக்களும் விடைகளும் ஆங்கிலத்தில் நடந்தால் போதுமானது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படும் மாணவரைக் கேட்கும் பாதியில் உட்கார வைப்பது நல்லது. வழக்கமான வாசிப்பு வகுப்பில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பிள்ளை, எண்களை மற்றவர்களைவிடத் துல்லியமாகக் காதில் வாங்கியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தத் தகவலுக்காக வகுப்பின் முதல் மாணவி அந்தப் பிள்ளையிடம் கேட்டு நிற்க வேண்டிவருகிறது. அடுத்த நாள் 12636 மதுரை–சென்னை வண்டியை வைத்துப் பாதிகளை மாற்றிவிடலாம். அதற்குள் படிக்கும் பணிக்கு உரிய ஊர்ப்பெயர்களும் அந்தப் பிள்ளைக்குப் பழகியிருக்கும்.

பிறகு எழுத்து. முதல் வரைவில் ஒரு மாணவன் எழுதியது இப்படி இருந்தது: "அங்கிள், கிராண்ட்மதர் டிரெயின் லேட் ஃபார்ட்டி மினிட். யூ கம் ஸ்லோ." 'மாமா, நீங்கள் மெதுவாகவே வாருங்கள்' என்பதை அவன் அப்படியே ஆங்கிலத்தில் ஏற்றியிருக்கிறான். இதைப் பார்த்ததும் நான்கைந்து பிழைகளைச் சுழிக்கக் கை பரபரக்கும். அதற்குப் பதிலாக, அத்தாளைத் தாழ்வாரக் குழுவைச் சேர்ந்த வேறொரு மாணவியிடம் கொடுத்து, "நீதான் மாமா, இந்தத் தாளில் உள்ளதை மட்டும் வைத்துச் சொல், எத்தனை மணிக்குக் கிளம்புவாய்?" என்று கேட்க வேண்டும். அவளால் சொல்ல முடியவில்லை. தன் எழுத்தில் நேரமே இல்லை என்பது எழுதியவனுக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டாம் வரைவில் "பிளீஸ் கம் டு திண்டுக்கல் ஸ்டேஷன் அட்" என்று தொடங்கி, கணக்கிட்ட நேரத்தையும் எழுதினான். 'இஸ்' இன்னும் விடுபட்டிருந்தது. அதை மறுநாள் வகுப்பு முழுவதற்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரைவுக்கு ஒரு இலக்கணப் பிழைக்குமேல் திருத்தினால் அடுத்த முறை அந்தப் பிள்ளை கைடைத்தான் தேடும்.

"பாடப்புத்தகத்தை எப்போது முடிப்பது?" என்பது பயிற்சிக் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி. பாடப்புத்தக உரைநடையையே இப்படி நடத்த முடியும். கதைப்பாடமாக இருந்தால், கதை திரும்பும் இடம்வரை புத்தகத்தை மூடிவைத்துக் காதால் கேட்கட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று இருவர் இருவராகப் பேசி ஒரு வாக்கியத்தில் ஊகத்தைக் குறிக்கட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, தம் ஊகம் சரியா என்று மௌனமாகப் படித்துப் பார்க்கட்டும். முடிவில், ஊகம் தவறியவர்கள் எந்த வரியைப் படித்தபோது அது தெரிந்தது என்றும், சரியாக ஊகித்தவர்கள் எந்தக் குறிப்பைக் கேட்டு ஊகித்தார்கள் என்றும் எழுதட்டும். எடுத்துக்கொள்ளும் நேரம் வழக்கமான விளக்கவுரைக்கு ஆகும் நேரத்தைவிட அதிகமாகாது, ஏனென்றால் வரிக்கு வரி மொழிபெயர்க்கும் பகுதி இதில் இல்லை. கவிதைக்கும் இலக்கண வகுப்புக்கும் நான்கையும் வலிந்து புகுத்த வேண்டியதில்லை. இரண்டு திறன்கள் உண்மையாகப் பிணைந்த பாடம், நான்கும் பெயருக்கு நிற்கும் பாடத்தைவிட மேலானது.

மதிப்பீட்டைப் பொறுத்தவரை, பாடம் நடக்கும்போதே மாணவரின் வளர்ச்சியைக் கணிக்கும் வளரறி மதிப்பீடு உள்ள வகுப்புகளில், அதன் செயல்பாட்டுப் பகுதியில் இதற்கு இடம் இருக்கிறது. அதைப் படம் ஒட்டிய சார்ட்டுகளுக்கும் அலங்கரித்த அட்டைகளுக்கும் செலவழித்துவிடுகிறோம். ஒரு பாடவேளையில் எல்லோரையும் கவனிக்க முயன்றால் யாரையும் கவனிக்க முடியாது. ஐந்தாறு பேரை மட்டும் முன்னதாகவே தேர்ந்துகொண்டு, எண்ணைச் சரியாகக் கேட்டாரா, தேவையான வினாவைக் கேட்டாரா, தேடிய வரியைக் கண்டாரா, எழுதியது பிறருக்குப் பயன்பட்டதா என்று பெயருக்கு எதிரே நான்கு குறிகள் இட்டால் போதும். பருவம் முடிவதற்குள் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். வினாவை அமைக்கும் குறியில் பலர் தடுமாறியிருந்தால் அடுத்த வார முன்னோட்டத்தில் அதற்கு இன்னும் பத்து நிமிடம் கூட்ட வேண்டும். கேட்டலில் தடுமாறியிருந்தால், அடுத்த அறிவிப்பைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரைப் பேசச்சொல்லிக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளலாம், ஏனென்றால் நம் குரலுக்கும் நம் உச்சரிப்புக்கும் மட்டுமே பழகிய காது அங்கே நமக்கு உண்மையைச் சொல்லாது.