செத்த இரையும் பாம்புக்கு இரைதான்

உயிருள்ளதைப் பிடித்தால்தான் பாம்பு தின்னும் என்று பலரும் நினைக்கிறார்கள். காட்டில் அப்படியில்லை. செத்துக் கிடக்கும் எலி, தவளை, மீன் எதுவானாலும் வாய்க்குள் அடங்கினால் விழுங்கிவிடும் பாம்புகள் நிறைய உண்டு. இதுவரை பதிவானவற்றில் முகத்தில் வெப்பம் உணரும் குழிகளுள்ள குழிவிரியன்களும் மீன் தின்னும் பாம்புகளுமே அதிகம்.

குழிவிரியன்களுக்கு இது புதுப் பழக்கமே அல்ல. அவ்வகையைச் சேர்ந்த கிலுகிலுப்பை விரியன் எலியைக் கொத்தியதும் பெரும்பாலும் விட்டுவிடும். பிடித்துக்கொண்டிருந்தால் எலி திருப்பிக் கடிக்கும். நஞ்சேறிய எலி சற்றுத் தள்ளிப் போய்ச் சாகும். பிறகு பாம்பு நாக்கை நீட்டி நீட்டித் தடம் பிடிக்கிறது. நாக்கில் ஒட்டிவரும் மணத்துகள்களை மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பு இனங்காண்கிறது. நஞ்சிலுள்ள டிஸ்இன்டெக்ரின் புரதங்கள் கொத்துப்பட்ட எலியின் மணத்தையே மாற்றிவிடுவதால் வேறு எலியின் தடத்தில் பாம்பு ஏமாந்து போவதில்லை. ஆக, அது தேடிப் போவதே பிணத்தைத்தான். தானாகச் செத்த எலியைக் கண்டுபிடிக்கவும் அதே நாக்கு போதும். ஆறிப்போன உடலிடம் வெப்பக்குழிகளுக்குத்தான் வேலையில்லை.

ஃப்ளோரிடாவின் சீஹார்ஸ் கீ தீவில், 2015-இல் நீர்ப்பறவைகள் அதைக் கைவிடும்வரை, காட்டன்மவுத் என்ற குழிவிரியன்கள் அவற்றின் கூடுகளுக்கு அடியிலேயே கிடந்தன. மேலிருந்து தவறி விழுந்த மீன்கள்தான் அந்தப் பாம்புகளின் முக்கியத் தீனி.

சிக்கல் விழுங்கிய பிறகு வருகிறது. பாம்பால் பொதுவாகக் கடித்துக் கிழிக்க முடியாது, முழுசாகத்தான் உள்ளே தள்ள வேண்டும். அங்கே செரிமானத்துக்கும் அழுகலுக்கும் போட்டி. பட்டினி கிடக்கும் பர்மிய மலைப்பாம்பின் இரைப்பையில் அமிலமே இருக்காது. இரை இறங்கிய ஓரிரு நாளில் அங்கே கடும் அமிலம் ஊறி, பிஹெச் 2-க்கும் கீழே போய்விடும். உடல் குளிர்ந்திருந்தால் செரிமானம் மந்தமாகும், பாக்டீரியா முந்திக்கொள்ளும், வாயு உப்பும், பாம்பு இரையைக் கக்கிவிடும். ஏற்கெனவே அழுகத் தொடங்கிய இரையில் பாக்டீரியா அப்போதே பெருகியிருக்கும் என்பதால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

இப்பழக்கம் கண்ணில் அதிகம் படாததற்குக் காரணமும் எளிது. வயிற்றைத் திறந்து பார்த்தால் கொன்று தின்றதா, கண்டெடுத்துத் தின்றதா என்று தெரியாது. இரையோடு ஈப்புழுக்களும் இருந்தால் மட்டுமே துப்புக் கிடைக்கும். சாலையில் அடிபட்டதைத் தின்ன வரும் பாம்போ தானும் அடிபட்டுப் போகிறது.

பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவின் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை அழித்த பழுப்பு மரப்பாம்பை ஒடுக்க இப்பழக்கமே பயன்படுகிறது. செத்த எலிக்குஞ்சுக்குள் 80 மில்லிகிராம் பாராசிட்டமால் வைக்கிறார்கள். அது பாம்பின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்து கொன்றுவிடும். 2013-இல் இந்த எலிகளை ஹெலிகாப்டரிலிருந்து வீசினார்கள். தரையில் விழுந்தால் வேறு பிராணிகள் தின்றுவிடும் என்பதால், மரக்கிளையில் சிக்கித் தொங்கும்படி ஒவ்வொன்றிலும் நீண்ட காகித நாடா கட்டப்பட்டிருந்தது.